98.5 கிலோ 104.50418 ஆனது ஏன்? சி-யில் டெக்ஸ்ட் ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்துவது

கேள்வி இது: கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் ஓர் இடத்தில் எடைக் கணக்கை ஒரு சி புரோகிராம் எழுதி வைக்கிறது. தினம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரிக்கு ஓர் உறுப்பினர்: எண், ஊர், கிலோ, நடுவில் அரைப்புள்ளி. சாயங்காலம் யாராவது ஒருவரின் எடையைத் திருத்த வேண்டி வருகிறது. மழையில் நனைந்த இலைக்குக் கழிவு போடுவார்கள், அல்லது விட்டுப்போன ஒரு மூட்டையைச் சேர்ப்பார்கள். திருத்தியதும் அடுத்த உறுப்பினரின் வரி காணாமல் போகிறது. ஃபைல் முழுவதையும் திரும்ப எழுதாமல் அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வழி உண்டா?

உண்டு, ஆனால் ஒரே ஒரு நிலையில்தான். புதிதாக எழுதுவது பழையதற்குச் சரியாக அதே பைட் அளவில் இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு நம்பத் தகுந்தது, புது ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றும் முறை. இரண்டையும் சொல்கிறேன். முதலில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

உங்கள் ஃபைலில் இப்படி இரண்டு வரி இருக்கிறது:

0417;கோத்தகிரி;98.5
0418;கட்டபெட்டு;112.0

முதல் வரியை பைட்டாக எண்ணிப் பாருங்கள். எண்ணுக்கு 4, அரைப்புள்ளி 1, கோத்தகிரிக்கு 27, இன்னொரு அரைப்புள்ளி 1. ஆக எடை தொடங்குவது வரியின் தொடக்கத்திலிருந்து 33 பைட் தள்ளி. 98.5 என்பது 4 பைட். அதன் பின் நியூலைன் ஒரு பைட். இப்போது 33-க்குப் போய் 104.5 என்று எழுதினால் அது 5 பைட். ஐந்தாவதாக வரும் '5' நேராக நியூலைன் மேல் போய் உட்கார்ந்துவிடும். ஃபைலில் மிஞ்சுவது:

0417;கோத்தகிரி;104.50418;கட்டபெட்டு;112.0

417-ஆம் உறுப்பினரின் எடையைப் படித்தால் 104.50418 வரும். 418-ஆம் உறுப்பினர் ஃபைலிலேயே இல்லை.

இது கண்ணில் படுகிற பிழை. அதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கம் இருக்கிறது. 104.5 என்று இருப்பதைக் கழிவு போட்டு 98.5 ஆக்குகிறீர்கள். நான்கு பைட் எழுதப்படும், பழைய கடைசி '5' அப்படியே நிற்கும். ஃபைலில் 98.55 என்று இருக்கும். வரி உடையவில்லை, எண்ணும் எண்ணாகவே இருக்கிறது, 50 கிராம்தான் வித்தியாசம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மாதம் முழுவதும் இப்படி நடந்தால் யாருடைய பணம் எங்கே போனது என்று தேடிப் பிடிக்க முடியாது.

காரணம் எளிது. ஃபைலுக்கு 'வரி' என்ற ஒன்று தெரியாது. 10 என்ற மதிப்புள்ள பைட்டைக் கண்டால் அடுத்த வரி என்று நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். சி மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் 'நடுவில் நுழை' என்று ஒரு ஃபங்ஷன் கிடையாது. தேயிலைத் தோட்டத்து வரிசை மாதிரி: பட்டுப்போன செடியைப் பிடுங்கி அதே குழியில் வேறு செடி வைக்கலாம். இரண்டு செடிக்கு நடுவில் மூன்றாவதை நுழைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் இருக்கிற அத்தனையையும் தள்ளி நட வேண்டும்.

அதே குழியில் வைக்கிற வழியை முதலில் பார்ப்போம். எடைக்கு எப்போதும் ஒரே அகலம் கொடுங்கள்: எட்டு இடம், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். முன்னால் காலி இடம் இருந்தால் ஸ்பேஸ் நிரம்பிவிடும். 98.50 ஆனாலும் 104.50 ஆனாலும் எட்டே பைட். எண்ணை எழுத்துகளாக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப்-இல் அகலம் 8 என்று கொடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அந்த அகலம் குறைந்தபட்சம் மட்டுமே. 100000.00 வந்தால் ஒன்பது இடம் எடுத்துக்கொள்ளும், தடுக்காது. எனவே அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் எண் சரியாக 8-தானா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபைலைத் தொடாமல் பிழை சொல்லி நிறுத்துங்கள்.

ஃபைலை எஃப்ஓப்பன்-இல் 'ஆர் பிளஸ் பி' மோடில், அதாவது இருப்பதை அழிக்காமல் படிக்கவும் எழுதவும், திறக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'டபிள்யூ' மோடு, 'டபிள்யூ பிளஸ்' மோடு எதுவானாலும் திறந்த அந்த நொடியே ஃபைல் காலி. நீங்கள் ஒரு எழுத்து எழுதும் முன்பே அன்றைய கணக்கு போய்விடும். 'ஏ பிளஸ்' மோடில் எங்கே எஃப்சீக் செய்தாலும் (ஃபைலில் ஓர் இடத்துக்கு நகர்வது) எழுதுவது கடைசியில்தான் போய்ச் சேரும். கடைசியில் 'பி' சேர்ப்பது விண்டோஸுக்காக. அங்கே டெக்ஸ்ட் மோடில் நியூலைன் ஒன்று ஃபைலில் 13, 10 என்று இரண்டு பைட்டாகப் போகும், படிக்கும்போது ஒன்றாக வரும். அதனால் நீங்கள் எண்ணும் இடமும் ஃபைலில் இருக்கும் இடமும் பொருந்தாது. பைனரி மோடில் 13-ஐயும் நீங்களே பார்ப்பீர்கள், கணக்குத் தப்பாது. லினக்ஸில் 'பி' இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பிறகு ஒரு சுழற்சி. ஒவ்வொரு வரியையும் படிக்கும் முன் எஃப்டெல் கூப்பிட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு வரியைப் படிக்க எஃப்கெட்ஸ். மாற்றிச் செய்தால் கையில் இருப்பது அடுத்த வரியின் இடம். படித்த வரியின் முதல் ஐந்து பைட் '0417;' என்று இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள், அரைப்புள்ளியையும் சேர்த்து. வரியில் எங்கேயாவது 0417 இருக்கிறதா என்று தேடுவது தப்பு, 104.50418-ஐ இப்போதுதான் பார்த்தோம், எண் எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டும். பொருந்தினால் இரண்டாவது அரைப்புள்ளியைக் கண்டுபிடித்து, வரித் தொடக்கத்திலிருந்து அதற்கு அடுத்த பைட் எத்தனை தள்ளி என்று கணக்கிடுங்கள். குறித்துவைத்த இடத்தோடு அதைக் கூட்டி எஃப்சீக். எட்டு பைட் எஃப்ரைட். ஒன்பது அல்ல. எஸ்என்பிரிண்ட்எஃப் கடைசியில் வைக்கும் பூஜ்ய பைட்டையும் சேர்த்து எழுதிவிட்டால் அது மறுபடி நியூலைன் மேல் விழும். அதற்குப் பிறகு கிரெப் போன்ற தேடும் கருவிகள் அதை டெக்ஸ்ட் ஃபைல் என்றே ஏற்காது.

எழுதிய பின் அதே ஃபைலில் தொடர்ந்து படிக்க வேண்டுமென்றால் நடுவில் எஃப்ஃப்ளஷ் (நினைவகத்தில் காத்திருப்பதை வெளியே எழுதித் தள்ளுவது) அல்லது எஃப்சீக் கட்டாயம். படிப்பதிலிருந்து எழுதுவதற்கு மாறும்போதும் அப்படித்தான்: எஃப்சீக் வேண்டும், நகர வேண்டாம் என்றால் 'இருக்கும் இடத்திலிருந்து 0' என்றாவது கொடுக்க வேண்டும். ஃபைலின் கடைசி வரை படித்து முடித்த நிலை மட்டும் விதிவிலக்கு. இது ஸ்டாண்டர்டிலேயே இருக்கும் விதி. ஒரு மெஷினில் இதை மீறியும் ஓடும், இன்னொரு மெஷினில் ஃபைலில் குப்பை விழும். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இப்போது தமிழ். நம் ஊர்ப் பெயர்கள் ஃபைலில் இருக்கும்வரை இதைத் தாண்டிப் போக முடியாது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடாக இருக்கும். 'ஊட்டி' மூன்று எழுத்து. உள்ளே ஊ, ட, புள்ளி, ட, இகரக் கொக்கி என ஐந்து குறியீடு, 15 பைட். 'உதகை'யும் மூன்று எழுத்து. உள்ளே நான்கு குறியீடு, 12 பைட். 'ஊட்டி' இருந்த இடத்தில் 'உதகை' எழுதினால் 3 பைட் பழைய குப்பை நிற்கும், அதுவும் தனியே ஓர் இகரக் கொக்கியாக. நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் தருவது பைட் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை அல்ல. இந்த வேலைக்கு நமக்கு வேண்டியதும் அதுதான், எனவே அதை நம்பலாம். ஆனால் ஊர்ப் பெயருக்கு அகலம் வைக்கும்போது எழுத்தை எண்ணி வைக்காதீர்கள். கொடைக்கானலுக்கு 33 பைட் வேண்டும். பழைய பாடப்புத்தகத்தில் இருக்கிற 80 பைட் பஃபரில் (படித்ததை வைக்கும் நினைவக இடம்) 26 தமிழ்க் குறியீட்டுக்கு மேல் கொள்ளாது. வரி அதைவிட நீளமானால் எஃப்கெட்ஸ் பாதியில் நின்றுவிடும், மீதி அடுத்த வரி போல வரும். படித்ததன் கடைசியில் நியூலைன் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். இல்லையென்றால் வரி இன்னும் முடியவில்லை. பஃபரை 1024 வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இன்னொரு நுட்பம், பல பேர் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது. 'கோ'-வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஃபைலில் ஒரு கோத்தகிரி 27 பைட், இன்னொரு கோத்தகிரி 30 பைட். ஒப்பிட்டால் பொருந்தாது. அதனால்தான் ஊர்ப் பெயரை வைத்து வரியைத் தேடாமல் உறுப்பினர் எண்ணை வைத்துத் தேடச் சொல்கிறேன். அதேபோல முதல் உறுப்பினர் மட்டும் கிடைக்கவே இல்லை என்றால் ஃபைலின் முதல் மூன்று பைட்டைப் பாருங்கள். 239, 187, 191 என்று இருந்தால் யாரோ நோட்பேடில் திறந்து பைட் ஆர்டர் மார்க்கோடு சேமித்திருக்கிறார்கள். அந்த மூன்றையும் தாண்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

சின்னதாக ஒன்று. எஃப்கெட்சி-யால் பைட் பைட்டாகப் படிப்பவர்கள் விடையை 'இன்ட்'-இல் வாங்க வேண்டும், 'கேர்'-இல் வாங்கக் கூடாது. ராஸ்பெர்ரி பை போன்ற ஏஆர்எம் போர்டுகளில் லினக்ஸில் 'கேர்' என்பது குறியில்லாத வகை, நெகட்டிவ் எண்ணைக் கொள்ளாது. அங்கே ஃபைல் முடிவைக் குறிக்கும் நெகட்டிவ் மதிப்பு ஒருபோதும் பொருந்தாது, சுழற்சி நிற்காமல் ஓடும்.

அகலத்தை நிலையாக வைக்க முடியாத ஃபைல் என்றால்? பைட்டுகளைத் தள்ளி இடம் பண்ணலாம். கூட்ட வேண்டுமென்றால் ஃபைலின் வாலிலிருந்து பின்னோக்கித் துண்டு துண்டாக நகர்த்த வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால் இன்னும் படிக்காத பகுதியின் மேலேயே எழுதிவிடுவீர்கள். குறைக்க வேண்டுமென்றால் முன்னாலிருந்து நகர்த்தி, கடைசியில் மிஞ்சுவதை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு சி ஸ்டாண்டர்டில் ஃபங்ஷன் இல்லை. லினக்ஸில் எஃப்ட்ரன்கேட் இருக்கிறது, விண்டோஸில் சிஎச்சைஸ் வகை ஃபங்ஷன் இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் எஃப்ஃப்ளஷ் செய்யுங்கள். வெட்ட மறந்தால் கடைசி வரியின் துண்டு இரண்டாவது முறை தொங்கிக்கொண்டிருக்கும்.

செய்யலாம்தான், ஆனால் கணக்கு ஃபைலுக்கு இதைச் செய்யாதீர்கள் என்பேன். பைக்காராவும் குந்தாவும் மின்சாரம் எடுத்துத் தருகிற மாவட்டம்தான் நம்முடையது. ஆனாலும் ஆடி மாத மழையில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் போய்விடும். பாதி நகர்த்தி முடித்திருக்கும்போது போனால், ஃபைலின் முன்பாதி புதுசு, பின்பாதி பழசு, நடுவில் சில வரி இரண்டு தடவை. அதைக் கையால்கூடச் சரி செய்ய முடியாது.

எனவே முழுதாக எழுதுங்கள். 'முழுவதையும் எழுதாமல்' என்று கேட்டது வேகத்துக்காக என்றால் அந்தக் கவலை வேண்டாம். 1,200 உறுப்பினர், வரிக்கு 40 பைட் என்றால் 48,000 பைட். வழக்கமாக 4,096 பைட் பிளாக்குகளாகத்தான் டிஸ்கில் எழுதப்படுகிறது. நீங்கள் 5 பைட்டை மாற்றினாலும் ஒரு பிளாக் முழுக்க எழுதப்படும். உங்கள் ஃபைல் மொத்தமே 12 பிளாக். டெக்ஸ்டைத் திருத்தும் லினக்ஸின் செட் (sed) கமாண்டில் 'இருந்த இடத்திலேயே திருத்து' என்ற ஆப்ஷன்கூட உண்மையில் தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு பெயர் மாற்றுகிறது.

வரிசை முக்கியம். பழைய ஃபைலைப் படிப்பதற்கு மட்டும் திறங்கள். அதே டைரக்டரியில் புதுப் பெயரில் இன்னொரு ஃபைலைத் திறங்கள். பொதுவான தற்காலிக டைரக்டரியில் வேண்டாம். அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் ரீநேம் தோற்றுவிடும். வரி வரியாகப் படித்து, 0417-ஐ மட்டும் மாற்றி, மற்றதை வந்தபடியே எழுதுங்கள். முடிந்ததும் எழுதுவதில் பிழை ஏதும் ஏற்பட்டதா என்று ஃபெர்ரர் கேளுங்கள். பிறகு எஃப்ஃப்ளஷ், அதன் பின் டிஸ்கில் பதிய வைக்கும் எஃப்சிங்க், அதன் பின் எஃப்குளோஸ். மூன்றின் விடையையும் பாருங்கள். டிஸ்க் நிறைந்திருந்தால் எஃப்பிரிண்ட்எஃப் வெற்றி என்றே சொல்லியிருக்கும், ஏனென்றால் அது பஃபரில்தான் போட்டது. தோல்வி எஃப்ஃப்ளஷ்-இலோ எஃப்குளோஸ்-இலோதான் தெரியவரும். அதைப் பார்க்காமல் ரீநேம் செய்தால், பாதி எழுதிய ஃபைலை நல்ல ஃபைலின் மேல் நீங்களே வைத்தது ஆகும். எல்லாம் சரி என்றால் மட்டும் ரீநேம். லினக்ஸில் அது ஒரே அடியில் நடக்கும்: புரோகிராம் நடுவில் செத்தாலும் அந்தப் பெயரில் பழைய ஃபைலோ புதுசோ முழுதாக இருக்கும், பாதி ஃபைல் இருக்காது. கரண்ட் போனாலும் அது அப்படியே நிலைக்கத்தான் பெயர் மாற்றும் முன் எஃப்சிங்க். டைரக்டரியைத் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க் செய்தால் பெயர் மாற்றமும் டிஸ்கில் பதிந்துவிடும்.

எம்கேஸ்டெம்ப் வைத்துப் புது ஃபைல் உண்டாக்கினால் அதன் அனுமதி 0600, அதாவது உரிமையாளருக்கு மட்டும். மறுநாள் வேறு லாகினில் வருபவருக்கு ஃபைல் திறக்காது. பழைய ஃபைலின் அனுமதியைப் படித்துப் புதியதற்கும் கொடுத்துவிட்டு ரீநேம் செய்யுங்கள்.

விண்டோஸில் சி-யின் ரீநேம், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மறுத்துவிடும். திறந்து வைத்திருக்கும் ஃபைலையும் மாற்ற விடாது, எனவே முதலில் இரண்டையும் மூடுங்கள். மூவ்ஃபைல்இஎக்ஸ் ஃபங்ஷனில் 'ரீபிளேஸ் எக்ஸிஸ்டிங்' கொடி கொடுத்தால் வேலை முடியும். பழையதை ரிமூவ் செய்துவிட்டு ரீநேம் செய்யலாமே என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் அந்தப் பெயரில் ஃபைலே இருக்காது. அழிப்பதற்குப் பதில் பழையதை வேறொரு பெயரில் ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்துவார்கள் என்றால் பூட்டு வேண்டும். பூட்டைக் கணக்கு ஃபைலின் மேலேயே போடாதீர்கள். ரீநேம் ஆனதும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது வேறு ஃபைல். காத்திருந்தவர் கையில் கிடைப்பது பழைய ஃபைலின் பூட்டு. பூட்டுக்கென்றே ஒரு காலி ஃபைல் வைத்து, அது பெயர் மாறாமல் அங்கேயே இருக்கட்டும்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள், விவசாயியின் பணம் சம்பந்தப்பட்டதால் சொல்கிறேன். நோட்டில் கணக்கு எழுதுபவர் தப்பைச் சுரண்டி அழிப்பதில்லை, கீழே திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஃபைலிலும் அப்படிச் செய்யலாம். 'ஏ' மோடில் திறந்து 0417-க்குப் புது வரி ஒன்றைக் கடைசியில் சேருங்கள், கூடவே நேரமும் எதற்காகத் திருத்தினோம் என்பதும். படிக்கும்போது ஓர் எண்ணுக்குக் கடைசியாக வந்த வரியே செல்லும் என்று வையுங்கள். எழுதி முடித்த ஒரு பைட்டும் மறுபடி தொடப்படுவதில்லை, 98.5 எப்போது 104.5 ஆனது என்று யார் வந்து கேட்டாலும் காட்டலாம். கரண்ட் போனால் கெடக்கூடியது கடைசி வரி மட்டும். அதனால் புரோகிராம் தொடங்கியதும் ஃபைலின் கடைசி பைட் 10-தானா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசி நியூலைனுக்குப் பின்னால் இருக்கும் துண்டைத் திரையில் காட்டி, வெட்டிவிட்டு, அந்த எடையைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.